பள்ளிக்கூடம் ஏலம் போகும் முன்

பழைய பள்ளிக் கட்டடம் இடிபடும்போது முதலில் இறங்குவது ஓடு. முகட்டு ஓட்டைப் பெயர்த்துவிட்டு மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகக் கழற்றி, கை மாற்றிக் கை மாற்றித் தரைக்குக் கொண்டுவருவார்கள். உடையாத ஓட்டுக்கு விலை உண்டு. அடுத்தது ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டமான ரீப்பர், அதைத் தாங்கும் சரிவு மரமான கைமரம், பிறகு உத்திரம். கதவும் சன்னலும் நிலையோடு பெயர்ந்து வரும். மரம் முழுக்க வெளியேறிய பிறகுதான் ஜேசிபி உள்ளே நுழையும். மூன்று தலைமுறை பார்த்த சுவர் அரை நாளில் மண்மேடாகும். அந்த மேட்டின் படம் முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது எல்லாரும் வருந்துகிறார்கள். ஆனால் ஏலம் விட்ட நாளிலேயே உத்திரமும் கதவும் கல்லும் வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்டன.

இந்த வருத்தம் உண்மையானது. ஆனால் எப்போதும் தாமதமாக வருகிறது. கட்டடத்தைக் காப்பாற்ற முடியாத இடத்தில்கூட அதில் காப்பாற்றக்கூடியவை நிறைய உண்டு. அதற்கான காலம், ‘பழுதடைந்த கட்டடம்’ என்று எழுதப்படும் நாளுக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே உள்ள சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் எதைக் கவனிப்பது என்று தெரிய, அந்தக் கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது, நினைவு அதில் எங்கே ஒட்டிக்கொள்கிறது, அது ஏன் விழுகிறது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டடம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்று ‘பழைய ஸ்கூல்’ என்று சுட்டப்படும் கட்டடங்களில் பெரும்பங்கு இரண்டு காலத்தவை. முதலாவது போர்டு காலம். 1920இல் மதராஸ் தொடக்கக் கல்விச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்தன. அன்றைய உள்ளாட்சி வாரியங்களான ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளி கட்டின. போர்டுகள் போய், 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் வந்த பின்னும் பல ஊர்களில் ‘போர்டு ஸ்கூல்’ என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. இரண்டாவது காமராஜர் ஆட்சிக் காலம். அப்போதைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே நிலமும் மரமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். சுவரில் பதித்த கல்லில் கொடையாளர் பெயர் நீளமாக இருக்கும் கட்டடங்கள் பலவும் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை.

கூரையில் இரண்டு வகை. ஒன்று சீமை ஓடு. மங்களூரில் நேத்ராவதிக் கரையில் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய வடிவம் அது. ஓர் ஓடு ஏறத்தாழ 16 அங்குல நீளம், 10 அங்குல அகலம், இரண்டரை முதல் மூன்று கிலோ எடை. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு வேண்டும். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையை 30 டிகிரி சரிவில் மூட 650 ஓடு ஆகும். மொத்த எடை 2 டன்னுக்குள் அடங்கிவிடும். அதே அறைக்கு 5 அங்குல கான்கிரீட் தளம் போட்டால் எடை 11 டன்னைத் தாண்டும். மண்சாந்தில் கட்டிய சுவர்கூட ஓட்டுக்கூரையைத் தாங்கி நின்றதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

இன்னொன்று மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் ஓர் அங்குல கனமுள்ள சிறு செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கு நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரை பூசி வரிசையாக ஒட்டுவார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் 3 அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடித்த கட்டை துள்ளித் திரும்பினால் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. கடைசியாகத் தட்டோடு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே மீன்முள் போலச் சாய்ந்து தெரியும் செங்கல் வரிசை அந்தத் தளத்தின் அடிப்பக்கம்.

கரும்பலகையையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது பலகையே அல்ல, சுவரில் வழவழப்பாகப் பூசிய ஒரு கட்டம். வெளுத்துப் போகும்போது கோவை இலையோ ஊமத்தை இலையோ கசக்கி, அடுப்புக்கரியோடு சேர்த்துத் தேய்த்துப் பழையபடி கறுப்பாக்கினார்கள். அந்தப் பச்சைச் சாற்றின் வாடை பல பேருக்குப் பள்ளியின் வாடை.

நினைவு எங்கே ஒட்டிக்கொள்கிறது

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல் ஒரு நோயின் பேராகப் பிறந்தது. 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பேசல் நகரத்தில் எழுதிய ஆய்வில், ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் ஏக்கத்துக்காக, திரும்புதலுக்கும் வலிக்கும் உள்ள இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து உருவாக்கினார். பள்ளி இடிந்தவருக்கு வரும் வலி இதிலிருந்து சற்று மாறுபட்டது. ஊர் இருக்கிறது, பேருந்தும் போகிறது, திரும்பிப் போனால் நிற்க அந்த இடம் மட்டும் இல்லை.

நினைவுக்கும் இருக்கைக்கும் உள்ள உறவைச் சொல்லும் பழைய கிரேக்கக் கதை ஒன்றும் கூரை விழுந்த கதைதான். சிமோனிடிஸ் என்ற கவிஞர் விருந்திலிருந்து வெளியே வந்த நேரத்தில் மண்டபம் இடிந்து விழுந்தது. அடையாளம் தெரியாத உடல்களை, யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நினைவுகூர்ந்தே அவர் இனம் காட்டினாராம். வகுப்புத் தோழர்களின் பெயரை வரிசைப்படுத்திச் சொல்லச் சொன்னால் நாமும் இதையே செய்கிறோம். சன்னலோரம் யார், தூணுக்கு அடுத்து யார் என்று போனால் பத்துப் பெயர் வரும். இடத்தை எடுத்துவிட்டால் நான்கில் நின்றுவிடும். நீரடியில் மனப்பாடம் செய்த சொற்கள் நீரடியிலேயே கூடுதலாக நினைவுக்கு வந்தன என்று, கோடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் 1975இல் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்து காட்டிய ஆய்வும் இந்தத் திசையிலேயே நிற்கிறது.

கண்ணின் உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால் கண் ஏறத்தாழ 105 செ.மீ. உயரத்தில் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் 50 செ.மீ. சன்னல் திண்டோ 90 செ.மீ. ஆக, தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்குச் சன்னல் வழியே தெருவே தெரியாது. வேப்பமரத்தின் தலையும் வானமும்தான் தெரியும். அறைக்குள் நிமிர்ந்தால் கைமரமும் கண்ணாடி ஓடு வழியே சாய்ந்து விழும் வெளிச்சக் கட்டமும். வளர்ந்தவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து ‘இது நம்ம ஸ்கூல் மாதிரியே இல்லையே’ என்று தோன்றுவதும், நேரில் போனவர் ‘இவ்வளவு சின்னதா?’ என்று திகைப்பதும் இதனால்தான். அந்தப் படம் 155 செ.மீ. உயரத்தில் நின்று எடுத்தது.

சத்தமும் அப்படியே. ஓடுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியே சூடான காற்று மட்டுமல்ல, ஒலியும் வெளியேறும். அதனால் ஒரே கூடத்தில் தட்டி மறைத்து மூன்று வகுப்பு வாய்ப்பாடு சொன்னாலும் எதிரொலி குழம்பவில்லை. நாலு பக்கமும் சிமெண்டு பூசி மேலே கான்கிரீட் மூடிய அறையில் ஆசிரியரின் குரல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பிள்ளைகள் நிறைந்தால் சற்று அடங்கும், காலியான அறையில் தெளிவாகக் கேட்கும். மழை பெய்தால் வேறுபாடு இன்னும் பெரிது. ஓட்டின் மேல் விழும் மழையில் பாடம் நடத்த முடியாது, கான்கிரீட்டுக்குக் கீழே மழை பெய்வதே தெரியாது.

ஏன் விழுகிறது

மரம்தான் முதலில் தோற்கும். அதுவும் நடுவில் அல்ல, சுவருக்குள் போகும் முனையில். உத்திரத்தின் நுனியைச் சுற்றிச் சிறிது காற்றோட்டம் விட்டுக் கட்டியிருப்பார்கள். பிற்பாடு பூசிய யாரோ அழகுக்காக அந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைத்துவிடுகிறார்கள். ஈரம் தங்கும். ஈரம் தங்கிய இடத்தில் கரையான் ஏறும். வெளியே மரம் முழுசாகத் தெரியும், உள்ளே கூடு. சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்ட மரம் மொத்தென்று அடங்கும். திருப்புளியின் முனை சுவரோரத்தில் சிரமமில்லாமல் உள்ளே இறங்கினால் அந்த முனையை நம்பக் கூடாது. இந்த நிலையில்கூட வழி உண்டு. கெட்ட நுனியை அறுத்துவிட்டு இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கி ஒட்டு மரம் சேர்க்கலாம், அல்லது சுவரை ஒட்டி ஒரு தாங்கு தூண் கொடுக்கலாம். ஓட்டுக்கூரை எடை குறைந்தது என்பதால் இந்த வேலை கையடக்கமானது.

இரண்டாவது பகை, சுண்ணாம்புச் சுவரின் மேல் பூசிய சிமெண்டு. சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு விடாது. ஈரமும் உப்பும் பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, சில ஆண்டுகளில் செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு தகடு தகடாக விழும். ‘பழைய சுவர் பொரிந்துவிட்டது’ என்று எழுதப்படும் பல கட்டடங்களில் சுவருக்கு வந்த கேடு பழுதுபார்ப்பின் பேரில் வந்தது. மூன்றாவது, மேலே முளைக்கும் அரசங்கன்று. ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். தண்டு போகும், வேர் சுவருக்குள் தடித்துக்கொண்டே இருக்கும். வேர் போன வழிக் கல்லைப் பிரித்து வேரை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினால்தான் தீரும். மழைநீர்த் தூம்பை ஆண்டுதோறும் தூர்வாரியிருந்தால் இவற்றில் பாதி வந்திருக்காது.

கான்கிரீட் கட்டடம் நிரந்தரம் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. இன்று இடிபடும் பள்ளிக் கட்டடங்களில் 1970களிலும் 80களிலும் எழுந்தவையும் உண்டு. கம்பிக்குக் கீழே 15 முதல் 20 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அவசரத்தில் கம்பி பலகையின் மேலேயே கிடந்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பெயரும். கூரையில் கம்பியின் நேர்கோட்டில் பழுப்புக் கறை, பிறகு அதே கோட்டில் விரிசல், பிறகு ஒரு நாள் உள்ளங்கை அளவு துண்டு தரையில். மேலே காரை பூசி வெள்ளையடித்தால் இந்த வரிசை மறையும், நிற்காது.

அதனால் இடிப்பது எல்லாமே தவறு என்று சொல்வதற்கில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. கீற்றின் குளுமையை எத்தனை பேர் நினைத்து ஏங்கினாலும் அந்த முடிவு சரி. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து பழுதடைந்தவற்றை இடிக்க உத்தரவு வந்தது. சிற்றூர்களின் பழைய கட்டடங்கள் பல அந்த அலையில் போயின. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வேகமாகப் பார்க்கும்போது கண்ணுக்கு வயது தெரிகிறது, உறுதி தெரிவதில்லை. ஓடு சரிந்த நல்ல சுவரும், வெள்ளையடித்த கெட்ட தளமும் ஒரே பார்வையில் தலைகீழாக மதிப்பிடப்படலாம். தட்டிப் பார்க்கவும் குத்திப் பார்க்கவும் ஒரு நாள் செலவிட்டால் எது எது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்க வேண்டியது ஊர்க்காரர்களின் பொறுப்பு.

ஏலத்துக்கு முன் உள்ள வாரங்கள்

பழுதுபார்க்க வழியில்லை என்று முடிவானால் ஒரு மனு போதும், ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும். இடிபாட்டுப் பொருளின் மதிப்பைப் பொறியாளர் கணக்கிட்டு, அதை வைத்து ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவர் இடித்து, பொருளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். தேக்கு உத்திரத்துக்கும் வேலைப்பாடுள்ள கதவுக்கும் சந்தை காத்திருக்கிறது. ஆகவே எதை விட்டுவைக்க வேண்டுமோ, அது மதிப்பீட்டுப் பட்டியலிலேயே விலக்கப்பட்டிருக்க வேண்டும். ஏலத்துக்குப் பின் கேட்டால் அது விலை பேசுவது. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, ஒன்றியப் பள்ளியானால் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆகியோருக்கு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சின்னதாக இருக்கட்டும்: கல்வெட்டு, மணி, நுழைவுக் கதவு நிலையோடு, வாசற்படிக்கல், ஓர் உத்திரம், 50 ஓடு. எல்லாவற்றையும் கேட்டால் எதுவும் கிடைக்காது.

பட்டியலைப் போலவே பதிவும் முக்கியம். 30 மீட்டர் நாடா, தூக்குக் குண்டு, கட்டம் போட்ட தாள், மூன்று பேர் இருந்தால் ஆறு அறைக் கட்டடத்தை ஒன்றரை நாளில் அளந்துவிடலாம். ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவாட்டத்தையும் அளக்க வேண்டும். இதை விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பழைய சுவர்கள் நேர்க்கோணத்தில் நிற்பதில்லை. மூலைவாட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போய் வரைந்தால் அறைகள் ஒன்றோடொன்று பொருந்தாது, அதற்குள் கட்டடமும் இருக்காது. சுவர் கனம், சன்னல் திண்டின் உயரம், படியின் உயரம், முகட்டின் உயரம் தனித்தனியே குறிக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு சுவருக்கும் நேராக நின்று, அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றின் மேல் ஒன்று வருமாறு நகர்ந்துகொண்டே எடுத்தால், பிற்பாடு கணினியில் முப்பரிமாண மாதிரியாகச் சேர்க்கலாம். ஓர் அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும். இவை கட்டடத்துக்கான படங்கள். நினைவுக்கான படம் வேறு: ஒவ்வொரு வகுப்பிலும் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்திலும் ஒரு மீட்டர் உயரத்திலும் கேமராவை வைத்து, கரும்பலகையை நோக்கி ஒன்று, சன்னலை நோக்கி ஒன்று, அண்ணாந்து ஒன்று. யாரும் எடுப்பதில்லை, பார்த்த எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கல்வெட்டுக்கு மைப்படி, அதாவது எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி, எடுப்பது நல்லது. பல முறை வெள்ளையடித்து எழுத்துக் குழி அடைபட்டிருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் சுரண்ட வேண்டும். இரும்பு பட்டால் எழுத்தோரம் உடையும். கல்லைவிட இரண்டு அங்குலம் பெரிதாகத் தாளை நறுக்கி, நனைத்துக் கல்லின் மேல் விரித்து, அடர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டிக்கொண்டே போனால் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். காற்றுக் குமிழ் நின்ற இடத்தில் எழுத்து வராது. தாள் பாதி காய்ந்ததும் மை ஒற்றியால் லேசாக ஒற்றினால் மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். மை அதிகமானால் குழிக்குள் வழிந்து எல்லாம் போய்விடும். தாளின் பின்புறம் பென்சிலில் தேதியும் கல் இருந்த சுவரும் எழுதப்பட வேண்டும். பளிங்கில் ஆழமில்லாமல் வெட்டிய எழுத்துக்கு மைப்படி ஒத்துவராது. இரவில் ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து வரும்.

மணி பல ஊர்களில் ஒரு தண்டவாளத் துண்டு. அடிப்பதற்கு ஓர் இரும்புக் கம்பி. முதல் மணி, இடைவேளை மணி, கடைசி மணி மூன்றின் அடியும் வேறு வேறு. அடித்துப் பழகியவரை அழைத்து மூன்றையும் பதிவு செய்ய வேண்டும், முற்றத்தின் மறுகோடியில் நின்றும் ஒருமுறை. புதிய இடத்தில் பழைய துளையிலேயே, மெல்லிய கம்பியில், சுவரில் படாமல் தொங்கவிட வேண்டும். கிடைமட்டமாக இரண்டு கயிற்றில் கட்டுவதானால் இரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் தள்ளிக் கட்டினால்தான் ஒலி நீளும். அந்தப் புள்ளிகள் அதிர்வதில்லை என்பதால் கயிறு ஓசையை விழுங்காது. கிளிப்பு அடித்துச் சுவரில் பொருத்திய தண்டவாளம் மணி அல்ல.

பதிவேடுகளில் ஓர் எச்சரிக்கை. சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு இன்றும் ஆள் வருவார்கள். கட்டடம் மாறும்போது மூட்டையில் கட்டித் திண்ணையில் கிடந்து ஒரு மழையில் நனைவதுதான் அதற்கு நேரும் கேடு. முதல் நாளே இரும்பு அலமாரிக்குப் போக வேண்டும். பக்கங்களைப் படம் எடுத்து இணையத்தில் போடக் கூடாது. அதில் சாதி, பெற்றோர் பெயர், தொழில் எல்லாம் இருக்கும். பார்வையாளர் குறிப்பேடும், பழைய கட்டடக் கணக்கும் கிடைத்தால் அவற்றைப் படி எடுத்து வைக்கலாம்.

மண்மேடு அகன்ற பிறகு

இடிபாட்டை அள்ளிய பின், புதுக் கடைக்கால் தோண்டும் முன், ஓரிரு நாள் பழைய சுவரின் அடித்தளக் கோடு தரையில் வெறுமையாகத் தெரியும். அதன் மேல் சுண்ணாம்புத் தூள் தூவி, நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து, கிணறு ஒன்று, மரம் ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலைக்கும் தொலைவை அளந்து வைத்தால் போதும். புதுக் கட்டடம் சற்று விலகி எழுந்தால், பழைய வகுப்பு இருந்த கோட்டில் அதே செங்கல்லை 9 அங்குல அகலத்துக்குத் தரைமட்டமாகப் பதித்துவிடலாம். செலவு குறைவு, பிள்ளைகள் ஓடினால் தடுக்காது. கோட்டுக்கு மேலே துருத்தி நிற்கும் கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வாசற்படிக்கல்லைப் புதிய வாசலின் முதல் படியாகப் போடலாம். அதன் நடுப்பகுதி குழிந்து பளபளத்திருக்கும், இரு ஓரமும் கரடாக இருக்கும். கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி, கல் பதிக்கும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவர் தம் தொழிலுக்கு ஏற்றபடி தேய்ந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து, மட்டமான பக்கத்தை மேலே வைத்துப் பதித்துவிடுவார்.